லேவண்டர் பத்தியின் பதினெட்டாவது நிமிடம்

"கண்ணுக்கு மூடி இருக்கு, வாய்க்கு மூடி இருக்கு, மூக்குக்கு மட்டும் அல்லா மூடி போடல" என்று எங்கள் பெரியத்தா, அத்தாவின் அண்ணன், ஒருநாள் சொன்னார்கள். அதோடு நிறுத்தவில்லை. "அதனால..." என்று தொடங்கி இன்னும் ஏதோ சொன்னார்கள். அந்த 'அதனால'வுக்குப் பிறகு வந்தது எனக்கு மறந்துபோயிற்று. எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், வரவில்லை.

ஊதுபத்தியை மோந்து பார்த்து, எரித்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் தொழில். மூடியில்லாத அந்த ஒரு சாமானை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், தலையில் ஒருவர் வேப்பெண்ணெயும் மடியில் ஒருவர் கருவாடும் வைத்திருக்கும் பஸ்ஸில் நரிக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வரை நின்றுகொண்டு வரவும். அப்படி வந்தவர்கள் எல்லாரும் நம்ம ஆளுகதான். இதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வீரசோழன். பள்ளிக்கூடத்தில் தமிழும் மதரஸாவில் அரபியும் படித்தேன். அந்த அரபி சார்ஜாவில் ஓர் அத்தர் கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டது. திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வேலை மோந்து பார்ப்பது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், முன்பு விசைத்தறி ஓடிய ஒரு ஷெட்டில் அந்த வேலை கிடைத்தது. தறிகளைக் கொடுத்துவிட்டுப் பத்தி மிஷின் போட்டவர் செல்வராணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு இளையவர். பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

கொச்சியில் நாலைந்து கடை வைத்திருக்கும் ஒருவர் லேவண்டர் பத்தி கேட்டிருந்தார். மூன்று சாம்பிள் பெட்டி வரை பார்ப்பாராம். மூன்றாவதும் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைத் தேடிக்கொள்வாராம். இரண்டு பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன, 'பாதியில் ஒரு புளிப்பு வருகிறது' என்ற ஒரே குறிப்போடு. பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே செல்வராணி நிதானமாகச் சொன்னார்: "மூணாவதும் திரும்புச்சுன்னா ஷெட்டப் பூட்டிர வேண்டியதுதான் பாய்."

மண்டபத்து வாசம்

லேவண்டர் எண்ணெய் முதல் டின் வந்த அன்று எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்தப் பூவை நேரில் பார்த்தவர் ஷெட்டில் ஒருத்தரும் கிடையாது, என்னையும் சேர்த்து. இத்தனை வருஷம் அந்த வாசத்தை அளந்து அளந்து கலந்திருக்கிறேன், செடியைக் கண்டதில்லை. செல்வராணி போனில் படம் காட்டினார். ஒரு மலைச்சரிவு முழுக்க ஊதா. தட்டுகளில் பத்தியைப் புரட்டிக் காயப்போடும் பேச்சியம்மாதான் அங்கே மூத்தவர். படத்தை விரலால் இழுத்துப் பெரிசாக்கி, "துளசிக் கதிருல்ல இது" என்றார். துளசியும் லேவண்டரும் ஒரே குடும்பம் என்று நான் சார்ஜாவில் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

டின்னின் மூடியைத் திருகினேன். வெளியே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. அதற்கு நடுவில் எங்கோ குளிர்ந்த ஊர் ஒன்றின் காற்று எழுந்து ஷெட்டுக்குள் நடந்தது. அந்தப் பூ எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். பேச்சியம்மா முந்திக்கொண்டார். "மண்டபத்துல சாப்புட்டுக் கைகழுவப் போனா, செவத்துல ஒரு டப்பா புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்குமே பாய், அந்த வாசந்தான இது? இதையா சாமிக்குப் பொருத்தப் போறாக?"

சட்டைக்கை

பத்தி பார்க்கும் முறை எளிது. மின்விசிறி இல்லாத அறை வேண்டும். முன்பு நூல் மூட்டை அடுக்கிய அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுக்க வேண்டும். பொருத்தி, சுடரை ஊதி அணைத்து, நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். நடுவில் அணைகிறதா, கண்ணைக் கரிக்கிறதா, எத்தனை நிமிஷம் நிற்கிறது, தீர்ந்த பிறகு அறையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அட்டையில் எழுத வேண்டும். நல்ல பத்தியின் சாம்பல் உடனே விழாது, பூனைவால் மாதிரி வளைந்து நிற்கும். ஆயிரக்கணக்கில் எரித்துவிட்டேன். இன்னும் அந்த வால் ஒரு விரற்கடைக்கு மேல் வளைந்து, விழாமல் நிற்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மூக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அதனால் எங்கள் தொழிலில் அவ்வப்போது முழங்கையை மடக்கிச் சட்டைக்கையை மோந்து பார்ப்போம். சொந்த உடம்பு வாசம்தான் மூக்குக்குப் பூஜ்யம். அங்கே போய்த் திரும்பி வந்தால் மறுபடி எல்லாம் தெரியும். அதற்கென்றே முழுக்கைச் சட்டை ஒன்றை அந்த அறை ஆணியிலேயே மாட்டி வைத்து, உள்ளே போனதும் போட்டுக்கொள்வேன். கதவில் ஒரு சின்ன கண்ணாடி இருந்ததையும், அதன் வழியாக வேடிக்கை பார்க்க ஒரு வரிசை நின்றதையும் நான் கவனிக்கவில்லை. அவர்கள் முடிவு பேச்சியம்மா மூலம்தான் எனக்கு வந்து சேர்ந்தது. "மோந்து பாக்கச் சம்பளம்னதும் என்னமோ ஏதோன்னு நெனச்சோம் பாய். நீங்க உங்க கமுக்கட்டத்தான மோந்துக்கிட்டு இருக்கீக."

இடது மீசை

முதல் பெட்டி திரும்பி வந்ததும், அதே பத்தியைச் சில கடைகளுக்குச் சும்மா கொடுத்துக் கருத்துக் கேட்கலாம் என்றார் செல்வராணி. அருப்புக்கோட்டை பஜாரில் சலூன் வைத்திருக்கும் முருகேசனுக்கும் ஒரு பாக்கெட் போயிற்று. ஒரு வாரம் கழித்துப் போனேன். அவருக்குப் பத்திதான் கடிகாரமாம். ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்று பொருத்துவார். முடிவெட்டி, முகம் மழித்து, பவுடர் போடும்போது அது தீரும். "கத்தரிய எடுக்கயில நல்லாருக்கு. காதுக்குப் பின்னால வர்ற வரைக்கும் அம்சமா இருக்கு. மீசையில கை வைக்கும்போதுதான் ஒரு புளிப்பு வருது. உக்காந்திருக்கவரு மூஞ்சியச் சுழிக்கிறாரு. மீச கோணிப்போகுது" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று பத்தி. முருகேசன் கத்தரியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த நேரத்தை எழுதினேன். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது. சார்ஜாவில் இதற்கென்று மிஷின் வைத்திருந்தவர்களிடம்கூட இப்படி ஒரு துல்லியத்தைப் பார்த்ததில்லை. அட்டையைக் காட்டி, "நீங்க சொன்னது சரியா பதினெட்டாவது நிமிஷம்" என்றேன். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிமிஷமெல்லாம் எனக்குத் தெரியாது பாய். இடது மீசை."

பாலவனத்தத்தில் ஒரு துஷ்டி

பாக்கிங் செய்யும் தனலட்சுமிக்குப் பாலவனத்தம். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தவறிப்போனார். ஷெட்டிலிருந்து நாலைந்து பேர் துஷ்டி கேட்கப் போனோம். தலைமாட்டில் எங்கள் லேவண்டர் எரிந்துகொண்டிருந்தது. அவசரத்துக்கு வீட்டில் இருந்ததைத் தனலட்சுமி எடுத்துக் கொடுத்திருக்கிறார். மண்டபத்தில் கைகழுவும் இடத்து வாசம் என்று பேச்சியம்மா சொன்னது, அந்த வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. புகை அந்த மனிதரின் முகத்துக்கு மேல் ஒரு நூல் மாதிரி நேராக ஏறி, ஓட்டுக்குக் கீழே போய்ப் பரவியது. தர்காவிலும் கோயிலிலும் இந்த வாசலிலும் ஒரே குச்சிதான் எரிகிறது, எங்கே எரிகிறதோ அந்த இடமாகவே அது மாறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொழில் புத்தி போகாது. அது தீர்ந்து அடுத்ததைப் பொருத்தியதும், பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டாவது நிமிஷத்தில் சுற்றி இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அழுகையா புளிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. செத்தவரின் மனைவி மட்டும் அசையவில்லை. புகையையே பார்த்துக்கொண்டு இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அம்பது வருசமா பீடி வாடையத் தவிர இந்த மனுசங்கிட்ட ஒண்ணும் கண்டதில்ல. போகயில பாரு, பூந்தோட்டமாட்டம் போறாக."

எண்ணெய் மேல் பழி

அத்தர் கடையில் வளர்ந்தவன் எண்ணெயைத்தான் சந்தேகப்படுவான். நானும் அதைத்தான் செய்தேன். லேவண்டரை வேறு இடத்தில் வாங்கினோம். எண்ணெயில் கலக்கும் திரவத்தை மாற்றினேன். நனைத்த பத்தியை ஒருநாள் கூடுதலாக நிழலில் காயவிட்டேன். இரண்டாவது பெட்டியும் திரும்பியது. ஒரு விசித்திரம் இருந்தது. காலையில் வந்ததும் முதல் பத்தியில் அந்தப் புளிப்பு எனக்கு லேசாகத் தெரியும். பதினோரு மணிக்கு மேல் எத்தனை எரித்தாலும் தெரியாது. சில பத்தியில் இருக்கிறது, சில பத்தியில் இல்லை என்று முடிவுகட்டினேன். மூன்றாவது தடவை லேவண்டரைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். புதன்கிழமை பகல் முழுக்க எரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் புளிப்பு இல்லை. அட்டையில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை அந்தப் பெட்டி பார்சல் ஆபீஸுக்குப் போயிற்று. சாயங்காலம் நாலு மணி வண்டியில் ஏறினால் சனிக்கிழமை கொச்சியில் இருக்கும். அவர்கள் கொடுத்த கடைசி நாள் அதுதான். அனுப்பிவிட்டு வந்த செல்வராணி, "கரிய மோந்து பாத்தீகளா பாய்?" என்று கேட்டார். மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த கரிப்பொடியில் ஒரு கை அள்ளி அவர் முன்னாலேயே மோந்து காட்டினேன். ஒன்றுமே இல்லை, மண்ணுக்கு இருக்கும் வாசம்கூட இல்லை. "கரிக்கு ஏதும்மா வாசம்" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இல்லதான். ஆனா பத்தியில பாதிக்கு மேல அதுதான இருக்கு."

வாசம் இல்லாத புகை

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பரளச்சியிலிருந்து குட்டியானை வேனில் கரி லோடு வந்தது. கூடவே காளியம்மா வந்தார். சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். அவருடைய கரிதான் எங்களுக்கு வழக்கம். ஐப்பசி மழையில் அவர் மூட்டம் போட முடியாத சமயம், வேறொரு வியாபாரியிடம் சில மூட்டைகள் வாங்கி, ஷெட்டில் இரண்டையும் கலந்து அரைத்து வந்தார்கள். அந்தப் பொடியில்தான் லேவண்டர் பத்தி முழுவதும் உருட்டியது.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த காளியம்மா என் அறை வாசலில் நின்றார். உள்ளே மூன்றாவது பெட்டியின் தட்டிலிருந்து எடுத்த ஒரு பத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. செம்பை வாயில் வைக்கப் போனவர் கையை இறக்கினார். "இது நம்ம கரி இல்லையே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. லேவண்டர் வாசம் அறை முழுக்க நிற்கிறது, இவர் கரியைச் சொல்கிறார். "எப்பிடிக்கா சொல்றீக?" என்றேன். "இது அவசரத்துல பிரிச்ச மூட்டம் பாய். வெந்து முடியல. தண்ணிய ஊத்தி அணைச்சுப் பிரிச்சிருக்காக. உள்ள இன்னும் வெறகு இருக்கு. அதான் புளிக்குது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். மூட்டம் பற்றினால் முதலில் வெள்ளைப் புகை வரும், ஈர மர வாடை அடிக்கும். பிறகு மஞ்சளாக வரும், புளிக்கும், கண்ணைக் கரிக்கும். பல நாள் அப்படியே போகும். கடைசியில் மெல்லிசாக நீலப் புகை வரும், அதில் ஒரு வாசமும் இருக்காது. அன்றைக்குத்தான் துவாரங்களை அடைக்க வேண்டும். ஒருநாள் முந்தினால் விறகு, ஒருநாள் பிந்தினால் சாம்பல். நான் வாசத்தைத் தேடி வயசைத் தொலைத்தவன். இவர் வாசம் நிற்கும் இடத்தைத் தேடி, ஊர்க்கோடியில் புகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முதல் பதினெட்டு நிமிஷம் யாருக்கும் ஏன் புளிப்பு தெரிவதில்லை என்பதும் அப்போது விளங்கியது. அதுவரை லேவண்டர் மேலே நின்று மறைக்கிறது. மூக்கு லேவண்டருக்குப் பழகி அதை மறந்ததும் அடியில் இருப்பது எழுந்து வருகிறது. தண்ணீரைக் குடித்துச் செம்பைக் கொடுத்துவிட்டுக் காளியம்மா சொன்னார்: "மணக்குற வரைக்கும் அது வெறகு பாய். மணம் நின்னாத்தான் கரி."

நாலு கிண்ணம்

நம்பாமலும் இருக்க முடியவில்லை, அப்படியே நம்பவும் முடியவில்லை. இரண்டு வகைக் கரியிலும் கலக்காத மூட்டைகள் மிச்சம் இருந்தன. தனித்தனியாக இடித்துப் பொடியாக்கினேன். கட்டியாக இருந்தால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். பொடியானால் எல்லாம் ஒரே கறுப்பு. நாலு கிண்ணத்தில் போட்டேன். இரண்டில் அவருடையது, ஒன்றில் மற்ற வியாபாரியுடையது, ஒன்றில் கலந்தது. ஒரு தட்டில் கங்கு எடுத்து, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சிட்டிகையை அதன்மேல் தூவினேன். வேலையை விட்டுவிட்டுப் பதினோரு பேரும் வாசலில் நின்றார்கள்.

நாலையும் சரியாகச் சொன்னார். கலந்த கிண்ணத்தில் தன்னுடையது எவ்வளவு என்றும் சொன்னார், "நாலுல ஒண்ணுதான் நம்மளது" என்று. செல்வராணி நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கிண்ணங்களை இடம் மாற்றி இன்னொரு தரம் வைத்தேன். மறுபடியும் நாலும் சரி. மூன்றாவது தரம் மாற்றப் போனபோது காளியம்மாவுக்குச் சலித்துவிட்டது. குட்டியானைக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏங்க்கா தெரியல?" என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து, ஒரு குழந்தையை மோந்து பார்ப்பது போல என் தோளருகே குனிந்தார். "பத்தியிலகூடக் கம்மிதான் பாய். அந்தப் புளிப்பு உங்க சட்டையிலதான் குடியிருக்கு."

நாலு மணி வண்டி

மாதக்கணக்காக அந்தப் புகையிலேயே ஆணியில் தொங்கிய சட்டை. வாரம் ஒருமுறை துவைத்தும் போகாத புளிப்பு. மூக்குக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நான் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்தது அந்தப் புளிப்பைத்தான். அதையே பூஜ்யம் என்று என் மூக்குக்குப் பழக்கியிருக்கிறேன். பத்தியில் அது வந்தபோது ஒன்றும் வரவில்லை என்று மூக்கு நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது.

சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, பனியனோடு ரோட்டோர வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்றேன். திரும்பி வந்து இன்னொரு பத்தி பொருத்தினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எனக்கு லேவண்டர் மட்டும்தான் தெரிந்தது. அரைமணியில் திரும்பி வருகிற மூக்கு இல்லை அது. மணி மூன்றைத் தொட்டிருந்தது. காளியம்மாவின் கரியில் புதிதாக உருட்டி, காயவைத்து, நனைத்து, மறுபடி காயவைக்க ஐந்து நாள் ஆகும். சனிக்கிழமைக்குள் நடக்காது. இந்தப் பெட்டி போனால் ஒருவேளை கொச்சியில் தெரியாமல் போகலாம். லேவண்டர் கூடுதலாக இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு அன்றைக்குச் சளி பிடித்திருக்கலாம்.

செல்வராணி அறை வாசலில் நின்றார். கையில் பார்சல் ரசீது. உள்ளே மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. "எனக்கு மூக்கு பத்தாது பாய். அந்தக்கா ஒண்ணு சொல்லுறாக, உங்க கையெழுத்து ஒண்ணு சொல்லுது. எதக் கேக்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். இத்தனை வருஷம் என் மூக்குக்குச் சம்பளம் கொடுத்தவர்களில், மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்கச் சொன்ன ஒரே முதலாளி அவர்தான்.

மூன்றரை மணிக்குப் பார்சல் ஆபீஸில் பெட்டியை இறக்கி வாங்கிக்கொண்டு, அட்டையில் நான் எழுதியிருந்த 'பாஸ்' என்பதைக் கோடு போட்டு அடித்தேன்.